மணமகள் மகிழ்ச்சி வாரியத்தின் அனுமதியுடன்

தோழிக்குக் கல்யாணம் என்றால் பயப்பட வேண்டியவன் மாப்பிள்ளை மட்டும்தான் என்று முப்பத்தொரு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நாஷ்வில் நகரத்து மணமகள் மகிழ்ச்சி வாரியம் என் அறியாமையைப் போக்கிவிட்டது. இப்போதெல்லாம் இளஞ்சிவப்பு நிறத்தில் எதைப் பார்த்தாலும் எனக்கு எழுந்து ஓடத் தோன்றுகிறது. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் ஈறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு இது பெரிய தொந்தரவு.

டெலேனியும் நானும் பாடூக்கா என்கிற ஊரில் ஒரே தெரு. மூன்றாம் வகுப்பில் அவள் என் மூக்கை உடைத்தாள். அன்றிலிருந்து சிநேகிதம். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற வேட் கடலோரக் காவல் படையில் இருக்கிறான். கல்யாணம் முடிந்த மறுவாரமே இருவரும் அலாஸ்காவுக்குப் போகிறார்கள், அங்கேயும் ஒரு தீவுக்கு. மூடுபனி மனசு வைத்தால்தான் அந்தத் தீவுக்கு விமானம் போகும். ஆகவே கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் மணமகளை அழைத்துக்கொண்டு போகிற அந்த இரண்டு நாள்தான் எனக்கும் அவளுக்கும் மிச்சம் இருந்தது.

"நாஷ்வில் போலாம்டி கெண்ட்ரா" என்றாள் டெலேனி போனில். "காரக் கோழி சாப்பிடணும். பாட்டு கேக்கணும். அப்புறம் எங்கயாவது உக்காந்து உன்கிட்ட பேசணும்."

"என்ன பேசணும்?"

"போன்ல சொல்ற விஷயமில்ல. கொஞ்சம் பயமா இருக்கு, அவ்ளோதான்."

"கல்யாணத்த நினைச்சா?"

"நேர்லன்னு சொல்றேன்ல. வாய மூடிட்டு ஏற்பாட்டப் பாரு."

தலைமைத் தோழி நான். ஏற்பாடு என் பொறுப்பு. ஒரு நல்ல விடுதி, ஒரு கோழிக்கடை, உட்கார ஒரு பெஞ்சு, முடிந்தது வேலை என்று நினைத்தேன். அப்போது வாரியம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தைய இந்த பேச்சிலரெட் கொண்டாட்டம் என்றாலே நாஷ்வில்தான். வெள்ளிக்கிழமை ஆனால் போதும், 'மணமகள்' என்று எழுதிய வெள்ளை நாடாவைத் தோளில் மாட்டிய பெண்களும், அவர்களைச் சுற்றி ஒரே நிறத்தில் பூட்ஸ் போட்ட தோழிகளும் பிராட்வே தெருவில் வந்து குவிவார்கள். இத்தனை பேரும் அவரவர் இஷ்டத்துக்கு மகிழ்ச்சி அடைந்துவிட்டால் என்ன ஆவது என்று யாருக்கோ கவலை வந்து, அந்தக் கவலையில் பிறந்ததுதான் வாரியம். அதன் முத்திரை இல்லாமல் நாடா கட்டிய பெண்ணை எந்தக் கடையிலும் உள்ளே விட மாட்டார்கள். நாடா கட்டாமல் போனால் என்ன என்று கேட்டேன். இரண்டு பெண்களுக்கு மேல் சேர்ந்து சிரித்தாலே வாரியம் அதைக் கொண்டாட்டமாகத்தான் கருதும் என்று பதில் வந்தது.

விண்ணப்பம் நாற்பத்தாறு பக்கம். சட்டையில் என்ன வாசகம், தொப்பியின் விளிம்பு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பதினோராம் பக்கத்தில் "சனிக்கிழமை நடைபெறும் சண்டை" என்று ஒரு கட்டம். யாருக்கும் யாருக்கும், எதற்காக, சமாதானம் எத்தனை மணிக்கு. அதற்கடுத்த பக்கம் "அழப்போகிறவர்". பெயர், நேரம், கண்ணீருக்கான காரணம். கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் செல்லாது.

டெலேனியின் சித்தப்பா மகள் பிரின்லியைக் கூப்பிட்டேன். ஐந்து கல்யாணங்களில் தோழியாக இருந்து தேறியவள் அவள்.

"சனிக்கிழம நாலு நாப்பதுக்கு நீ அழணும் பிரின்லி."

"எவ்ளோ நேரம்?"

"ஆறு நிமிஷம்."

"கண் மை கரையற அழுகையா, கரையாததா?"

"அது போடலயே."

"கேட்டு வெச்சுக்கோ. போன கல்யாணத்துல கரையாத அழுகை அழுதுட்டு, மறுபடி முதல்லேர்ந்து அழ வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

நான் சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரு கட்டத்தில் "டெலேனியும் நானும் உட்கார்ந்து பேசுவது" என்று எழுதினேன். அழுகை அதற்கு நடுவில் வந்தாலும் பரவாயில்லை, பிரின்லி பக்கத்து மேசையில் அழுதுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். "பேச்சு மகிழ்ச்சி வகைகளில் சேராது. நேரில் வந்து விளக்கம் தரவும்."

இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். வாரியத்தின் காத்திருப்பு அறையில் நாற்பது தலைமைத் தோழிகள் விண்ணப்பக் கோப்புகளை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் விண்ணப்பத்தின் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முதல் தடவையா?" என்றேன்.

"நாலாவது. போன தடவ பூட்ஸ் ரெண்டு ஜோடி வேற நிறம்னு திருப்பிட்டாங்க."

"கல்யாணம் எப்போ?"

"ஆயிடுச்சு, போன மாசமே. மணமகள் மாசமாக்கூட இருக்கா. ஃபைல மட்டும் இன்னும் மூடல."

அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாரியத் தலைவி மிஸ் வெல்டாவுக்கு அறுபது வயது இருக்கும். மேல் வரிசைப் பல் முழுக்கச் செயற்கை உறை போட்டது, முதல் தரமான வேலை. எங்கள் ஊர்ப் பெண்மணிகள் "கண்ணு" என்று கூப்பிட்டால் லேசாகச் சாதகமில்லை என்று அர்த்தம். ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை கூப்பிட்டால் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வா கண்ணு, உக்காரு கண்ணு" என்றார்.

உட்கார்ந்தேன்.

"மூணுலேர்ந்து அஞ்சு, பேச்சு. இது என்ன?"

"டெலேனி ஏதோ சொல்லணும்னு நினைக்கறா மேடம். அவ அலாஸ்கா போறா. அதான் கொஞ்ச நேரம்..."

"அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? பாவம், முதல் தடவையா கல்யாணம் பண்ணிக்கறா. நாங்க நாப்பதாயிரம் மணமகள்களப் பாத்திருக்கோம். ஒருத்திகூட இங்கேர்ந்து சந்தோஷமில்லாம போனதில்ல. சந்தோஷமில்லாதவங்கள நாங்க எண்ணறதில்ல."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"ரெண்டு பொண்ணுங்க தனியா உக்காந்து பேசினா என்னாகும் தெரியுமா?" என்று அவர் முன்னால் சாய்ந்தார். "யோசிப்பாங்க. ஒரு மணமகள் யோசிக்க ஆரம்பிச்சா மண்டபம் நிக்கும், கேக் நிக்கும், பூக்காரன் நிப்பான், அப்புறம் இந்தக் கட்டடமும் நிக்காது. கல்யாணம்ங்கறது புனிதமான விஷயம். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அவள ஒரு நிமிஷம்கூட சும்மா விடாம பாத்துக்கறோமே, அதுலதான் அந்தப் புனிதமே நிக்குது. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன், நீ பல்லப் புடுங்கறப்போ ஊசி போடறியா இல்லையா?"

"நான் சுத்தம் மட்டும்தான் மேடம் செய்வேன்."

"அதே அடக்கத்தோட இரு." அவர் பின்னால் இருந்த கண்ணாடித் தடுப்பைக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்சில் பதினான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்க சொந்தத் தலைமைத் தோழிங்க. பயிற்சி முடிச்சவங்க. உன்னால முடியலன்னா வெக்கப்படாம சொல்லிடு கண்ணு. உன் இடத்துல ஒருத்திய உக்கார வெச்சுடலாம். மணமகளுக்கு வித்தியாசமே தெரியாது கண்ணு."

இருபத்திரண்டு வருஷம் டெலேனிக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அவள் கல்யாணத்தன்று என் இடத்தில் அந்த பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண் முன்னால் பார்த்துவிட்டேன். பேனாவை வாங்கி "பேசுவது" என்பதை அடித்தேன். அந்த இடத்தில் "மிதிவண்டி ஊர்வலம், ஒருமித்த கூச்சலுடன்" என்று மிஸ் வெல்டா சொல்லச் சொல்ல எழுதினேன். எப்படியாவது அனுமதி வாங்கினால் போதும், பேச வேறு நேரம் கிடைக்காமலா போகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த அறையில் கூச்சல் தேர்வு. ஆய்வாளர் டெரல் சத்தத்தை அளக்கும் ஒரு மீட்டரை என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிராட்வேயில் போகிற ஒவ்வொரு கூட்டமும் "வூ" என்று கத்த வேண்டும். அதைத் தொடங்கி வைக்க வேண்டியவள் தலைமைத் தோழி.

"வூ" என்றேன்.

"சத்தம் சரி. ஆனா கேள்வி கேக்கற மாதிரி முடியுதே" என்றார் டெரல்.

"வூ."

"இப்போ மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கு."

பதினேழு முறை கத்தினேன். கடைசியில் கதவுக்கு வெளியே பதினான்கு பேரில் ஒருத்தியின் காலடிச் சத்தம் கேட்டதும் என் தொண்டையிலிருந்து ஒன்று கிளம்பியது பாருங்கள், டெரல் மீட்டரைப் பார்த்துவிட்டு மெய்சிலிர்த்துப் போனார்.

"இதுதான்! இதுதான் உண்மையான ஆனந்தம்" என்று எழுதிக்கொண்டார்.

கடைசித் தேர்வு மறுபடியும் மிஸ் வெல்டாவின் அறையில், மணமகளை அறிதல். இருபது கேள்வி. இதில் ஜெயித்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். டெலேனியைப் பற்றி என்னிடமே கேள்வியா? முதல் கேள்வி, மணமகள் விரும்பிக் குடிப்பது எது. மோர். இது பாடூக்காவில் எல்லோருக்கும் தெரியும். உயரமான டம்ளரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மோரை ஊற்றி, ஸ்பூனால் சாப்பிடுவாள். எந்த டம்ளர் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது எனக்கு. ஆனால் மேசை மேல் வாரியத்தின் கையேடு திறந்தே கிடந்தது. அதில் முதல் கேள்விக்கு நேரே "நுரைக்கும் இளஞ்சிவப்பு ஒயின்" என்று அச்சடித்திருந்தது.

"இது உதாரணத்துக்குப் போட்ட விடையா?" என்றேன்.

"விடையே அதுதான்" என்றார் டெரல். "நாப்பதாயிரம் பேருக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சு கிரீச்சிட்டது. மணமகளின் பெயர் ஒன்றைத் தவிர மற்ற பத்தொன்பதையும் நான் கையேட்டைப் பார்த்து எழுதினேன். பிடித்த நிறம், இளஞ்சிவப்பு. பிடித்த மிருகம், அன்னம். மிகப் பெரிய பயம், கல்யாண உடை இடுப்பில் பொருந்தாமல் போவது. நூற்றுக்கு நூறு வாங்கினேன். மிஸ் வெல்டா என்னைக் கட்டியணைத்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

வந்தது அந்த வெள்ளிக்கிழமை. டெலேனி, பிரின்லி, நான், டெலேனி வேலை செய்கிற இடத்துப் பெண்கள் ஏழு பேர், எல்லோரும் ஒரே பூட்ஸோடு வாரியத்தில் போய் இறங்கினோம். நாடா வழங்கும் இடத்தில் டெலேனிக்கும் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். அதே இருபது கேள்வி. மணமகளும் எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் கையேடு எதுவும் இல்லை. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, சின்ன வயதில் எழுதுவது போலவே எழுதினாள்.

மிஸ் வெல்டா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நூத்துக்கு அஞ்சு" என்றார்.

டெலேனி சிரித்தாள். "என்னப் பத்தின கேள்வியில எனக்கு அஞ்சா?"

"பேர மட்டும் சரியா எழுதியிருக்க கண்ணு. குடிக்கறது, மோர்." பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உன் தலைமைத் தோழி எழுதியிருக்கறது வேற. அவ எழுதினது கையேட்டோட அப்படியே பொருந்துது. அப்போ தப்பு யார் பக்கம்னு நீயே சொல்லு."

"அவ என்ன எழுதினா?"

"இரு, இதையும் கேளு. மிகப் பெரிய பயம்." மிஸ் வெல்டா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். "'தீவுக்குப் போனப்புறம் கொஞ்ச நாள் கெண்ட்ரா போன் பண்ணுவா. அப்புறம் குறையும். அப்புறம் அவளுக்கு நான் இல்லாமலே பழகிடும்.' பூஜ்யம். உடை இடுப்புல பொருந்தாம போறதுதான் சரியான விடை."

போனில் சொல்ல மாட்டேன் என்றாளே, அது இதுதான். எனக்காகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரு அந்நியப் பெண்மணி வாசித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். டெலேனியின் காது சிவந்துவிட்டது. அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"நீ சொல்லுடி. எனக்கு என்ன குடிக்கப் பிடிக்கும்? இவங்ககிட்ட சொல்லு."

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேயும் பெஞ்சில் இருந்த அந்தப் பதினான்கு பேரும் எழத் தயாராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மரத்துப்போக ஊசி போட்ட நோயாளி மாதிரி என் வாய் எனக்குச் சொந்தமில்லாமல் அசைந்தது.

"இளஞ்சிவப்பு ஒயின்" என்றேன்.

டெலேனி தன் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மிஸ் வெல்டா எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. டெலேனி தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம், எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா இந்தக் கொண்டாட்டத்துக்கு மணமகளா இருக்கற தகுதி அவளுக்கில்ல. ஏற்பாடு எல்லாம் அனுமதி வாங்கியாச்சு, அத ஒரு தனி மனுஷிக்காக நிறுத்த முடியாது." அவர் கையைத் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து வெள்ளை உடையில் ஒரு பெண் வந்தாள். பெயர் ஆஷ்டன். நாடாவை ஏற்கெனவே மாட்டியிருந்தாள். பல்லில் ஒரு கறை கிடையாது. "இவ இந்த வருஷம் அறுபத்திரண்டு தடவ மணமகளா இருந்திருக்கா. ஒரு தடவகூட யோசிச்சதில்ல."

"என் தோழிங்களுக்கு நான்தான் கல்யாணப் பொண்ணு" என்றாள் டெலேனி. "வாங்கடி போலாம்."

"போகலாமே" என்றார் மிஸ் வெல்டா. "தலைமைத் தோழி பாதியில விட்டுட்டுப் போனா, மணமகள் பேரு கறுப்புப் பட்டியல்ல ஏறி எல்லாக் கல்யாண மண்டபத்துக்கும் போகும். அவ்ளோதான். உனக்குக் கல்யாணம் மூணு வாரத்துல இல்லையா கண்ணு?"

டெலேனிக்காகத்தான் நான் அங்கேயே நின்றேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நம்பினார்கள். பயத்தில் நகரவில்லை, அதுதான் நடந்தது. டெலேனி கதவைத் தள்ளிக்கொண்டு தனியாக வெளியே போனாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊர்வலம். நாஷ்வில்லில் ஒரு வண்டி உண்டு. நடுவில் நீள மேசை, மேசையில் மது, இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து இருக்கை, ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே பெடல். முன்னால் ஒரு ஆள் திருப்பிக்கொண்டு போவான், மற்றபடி நாங்கள் மிதித்தால்தான் நகரும். ஆஷ்டன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் "நீங்க எல்லாரும் என் உயிர்டி" என்று சொன்னாள். கூட வந்த ஏழு பெண்களும் முதலில் தயங்கினார்கள், இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு அவளை டெலேனி என்றே கூப்பிட்டார்கள். பின்னால் ஒரு சின்ன காரில் டெரல் மீட்டரோடு வந்துகொண்டிருந்தார். சரியாக நாலு நாற்பதுக்குப் பிரின்லி அழுதாள். மை கரைந்தது.

அப்போதுதான் டெலேனியைப் பார்த்தேன். நடைபாதையில் எங்களுக்கு இணையாக நடந்துகொண்டிருந்தாள். அவள் ஊருக்குப் போகவே இல்லை. நேற்றுப் போட்ட அதே சட்டை.

"கெண்ட்ரா. இறங்குடி."

"முடியாதுடி. பின்னாடி ஆய்வாளர் வர்றாரு."

"வரட்டும். இறங்கு. மண்டபம் போனா போகுது, எங்க அப்பா கொட்டகையில வெச்சுக்கறேன் கல்யாணத்த."

"அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும் டெலேனி. முடிஞ்சதும் நானே வரேன்."

"அஞ்சு மணிக்கு அப்புறம் ஒருமித்த நடனம் போட்டிருக்கியாம். வாரியத்து வாசல்ல ஒட்டியிருக்காங்க."

ஆஷ்டன் என் தோளில் கை போட்டு டெலேனியைப் பார்த்துச் சிரித்தாள். "யாரு இவங்க?" என்று என்னிடம் கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள்.

"ஊர்ல தெரிஞ்சவங்க" என்றேன்.

டெலேனி அதற்குப் பிறகும் நடந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு கடை, இரண்டு கடை தூரம். அந்தப் பார்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. டெரலுக்குப் பயந்ததைவிட, மிஸ் வெல்டாவுக்குப் பயந்ததைவிட அதிகப் பயம்.

அந்த வண்டி மெதுவாகப் போகிற வண்டி. நடந்து வருகிற ஒருத்தியைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் மேட்டில் மூச்சு முட்ட மிதிக்க வேண்டும், அதுவும் அவள் நம் கூடவே வர நினைக்கிறவளாக இருந்தால் இன்னும் கஷ்டம். மற்ற பெண்கள் களைத்துப்போய்க் காலைத் தூக்கி வைத்துவிட்டார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், நடைபாதையில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்காமல் போகும்வரை மிதித்தேன்.